கடலில் போன காசு யார் கணக்கில்? யஷ்வந்தபுரம் தெனாரியஸ் காசுகளும் வழிச்சேதப் பொறுப்பும்

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவர்களுக்கு யஷ்வந்தபுரம் போகும் ரயிலின் சத்தம் பழகிப்போன ஒன்று. அந்த யஷ்வந்தபுரத்தில் 1891-இல் தெனாரியஸ் எனப்படும் ரோமானிய வெள்ளிக் காசுகள் 163 கிடைத்தன. 1965-இல் நகரத்தின் எதிர்க்கோடியில், ஹெச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில், இன்னும் 256 கிடைத்தன. இரண்டிலும் அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகியோரின் காசுகள் உள்ளன. அகஸ்டஸ் அந்தப் பட்டத்தைப் பெற்ற கி.மு. 27-ஐ எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டிலேயே பெங்களூரு கடல்கடந்த வாணிபத்தில் இருந்தது என்று நகர வரலாறுகளில் எழுதிவருகிறார்கள். ஒரு பானை எப்போது புதைந்தது என்பதை அதிலுள்ள கடைசிக் காசுதான் சொல்லும், முதல் காசு சொல்லாது. தொலைந்த பையில் பழைய ஓரணா ஒன்று கிடந்தால் அந்தப் பை அணாக் காலத்தில் தொலைந்தது என்றா எழுதுவோம்? கிளாடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை. பானைகள் மண்ணுக்குள் போனது 41-க்குப் பிறகு. எத்தனை ஆண்டு பிறகு என்பதைக் காசுகளைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது.

இக்கட்டுரையின் கேள்வி காலத்தைப் பற்றியது அன்று. மத்தியதரைக் கடலோரத்தில் அச்சடித்த காசு செங்கடலையும் அரபிக்கடலையும் தாண்டி, மலையேறி இந்த மேட்டுநிலத்துக்கு வந்திருக்கிறது. வழியில் தொலைந்திருந்தால் நட்டம் யாருடையது? அனுப்பியவருடையதா, சுமந்தவருடையதா, பெறவேண்டியவருடையதா? இன்று இணையத்தில் பழங்காசு விற்று அஞ்சலில் அனுப்புகிறவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்.

ரோமானியக் காசுப் புதையல்களைப் பற்றி எழுதுகிற யாரும் மார்ட்டிமர் வீலரைத் தாண்டிப் போக முடியாது. 1945-இல் அரிக்கமேட்டைத் தோண்டியவர் அவர். 1954-இல் வெளிவந்த அவருடைய 'ரோமானியப் பேரரசின் எல்லைகளுக்கு அப்பால்' என்ற நூல், தென்னிந்தியப் புதையல்களின் வரைபடத்துக்கு ஒரு விளக்கம் தந்தது. கோவை வட்டாரத்தில் புதையல்கள் குவிந்திருப்பதை அவர் ஒரு பாதையின் தடமாகப் பார்த்தார். மலபார்க் கரையில் இறங்கிய சரக்கு, குமரிமுனையைச் சுற்றும் கடல்வழியைத் தவிர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழைக்கரைக்குப் போனது என்பது அவர் வாதம். ரோமானியக் காசு இங்கே செலாவணியாகப் புழங்கவில்லை, எடைபோட்டு மாற்றும் உலோகமாகவே ஏற்கப்பட்டது என்பதும் அதோடு சேர்ந்தது. பின்னால் வந்தவர்கள் இந்த இரண்டையும் கிட்டத்தட்ட வாய்ப்பாடு போலவே ஒப்பித்துவந்திருக்கிறார்கள்.

வீலரின் விளக்கத்துக்குள் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது: கடலில் ஆபத்து அதிகம், தரையில் குறைவு. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பாலைத்திணைப் பாடல்களில் வணிகச் சாத்தை மறித்துக் கொள்ளையடிக்கும் ஆறலைகள்வர் திரும்பத் திரும்ப வருகிறார்கள். கவிதையை அப்படியே காவல்நிலையப் பதிவேடாகப் படிக்கக் கூடாதுதான். ஆனால் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப்பொதி சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் சுங்கம் வாங்குவதையும் வில்வீரர் காவல் இருப்பதையும் சேர்த்தே சொல்கிறது. காவலுக்கு ஆள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் களவும் இருந்திருக்கிறது. மறுபக்கம், 'எரித்ரேயக் கடல் வழிகாட்டி' என்ற பழைய கிரேக்க நூல் குமரிக்கு அப்பால் கீழைக்கரையில் இருந்த துறைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது, அங்கே ஓடிய உள்நாட்டுக் கலங்களின் வகைகளையும் சொல்கிறது. கடல்வழி ஆள் போகாத வழியாக இருந்திருந்தால் இந்தப் பட்டியலுக்கு வேலை இல்லை.

இதைவிடப் பெரிய இடர் பெங்களூரு. யஷ்வந்தபுரமும் ஹெச்.ஏ.எல்.லும் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கீழைக்கரைக்குப் போகும் எந்த வழியிலும் இல்லை. தெலங்கானாவில் ரோமானியக் காசு கிடைத்த அக்கன்பள்ளியும் இல்லை. பாதைக்குள் அடங்காத இந்த இடங்களை வீலர் வழி நின்று எழுதுகிறவர்கள் விதிவிலக்கு என்று ஒதுக்குகிறார்கள். விதிவிலக்கு இத்தனை எடை இருக்கும்போது விதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கோவைக் குவியலுக்கு வேறு காரணமும் கண்ணெதிரே இருக்கிறது. படியூரில் பச்சைக்கல், கொடுமணலில் மணி அறுக்கும் பட்டறைகள். வாங்க வேண்டிய பொருள் அங்கே கிடைத்தது, காசும் அங்கே போனது. இன்னொன்றும் உண்டு. நம் கையிலிருப்பது காசு புதைந்த இடங்களின் வரைபடம் இல்லை, மண்ணைத் தோண்டிய இடங்களின் வரைபடம். பெங்களூருவின் இரண்டு புதையல்களும் ரயிலும் விமானமும் வந்து சேர்ந்த பகுதிகளில் வெளிப்பட்டவை. இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனமில்லை.

இனி என் வாதம். புதையல்களைப் பாதையின் தடமாகப் படிப்பதைவிட, பொறுப்பு கைமாறிய எல்லைக்கு அப்பால் காசு எப்படிப் பயணித்தது என்பதன் தடமாகப் படிக்கலாம் என்கிறேன். இதற்கு என்னிடம் இருக்கும் முதன்மைச் சான்று பெங்களூருவில் இல்லை, வியன்னாவில் இருக்கிறது.

முசிறிப் பாப்பிரஸ் என்று நாம் அழைக்கும் அந்த ஏட்டை ஹராவரும் சைப்பெஸ்டைனும் 1985-இல் பதிப்பித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட காலம். ஒரு பக்கத்தில் கடன் ஒப்பந்தத்தின் சிதைந்த பகுதி, மறுபக்கத்தில் 'ஹெர்மாபோலன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. அந்தக் கணக்கின் கூட்டுத்தொகை 1154 தாலந்து 2852 திராக்மா, கிட்டத்தட்ட எழுபது லட்சம் திராக்மா. தமிழில் இந்த ஏட்டைப் பற்றி வந்திருப்பவை பெரும்பாலும் இந்தத் தொகையின் முன் வியந்து நின்றுவிடுகின்றன. எனக்கு வேண்டியது ஒப்பந்தப் பக்கத்தில் உள்ள ஓர் ஒட்டுச் சொல்.

மலபார்க் கரைத் துறையான முசிறியின் பெயருக்கு முன்னால் 'கட்டா' என்ற கிரேக்க முன்னிடைச்சொல் நிற்கிறது. அதை 'முசிறியில்' என்று படிக்கலாம், 'முசிறிப் பயணத்துக்கான' என்றும் படிக்கலாம். முதல் பதிப்பாசிரியர்களும் அவர்களைத் தொடர்ந்த லயனல் காசனும் முசிறியில் எழுதிய கடன் என்று கொண்டார்கள். அப்படியானால் நம் கரையிலேயே கடன் கொடுக்கும் யவனர் குடியேற்றம் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டும், பலர் செய்துவிட்டார்கள். 1987-இல் கெர்ஹார்ட் தூர் இதை மறுத்தார். இது முசிறிப் பயணத்துக்காக எகிப்தில் எழுதிக்கொண்ட கடல்கடன் என்றார். டொமினிக் ராத்போனும் பின்னர் அந்தப் பக்கமே நின்றார். நானும் அந்தப் பக்கம்தான், ஆனால் என் காரணம் வேறு.

கடல்கடனின் இலக்கணம் பழைய சட்ட நூல்களிலிருந்து நன்றாகவே தெரியும். கப்பல் கரை சேர்ந்தால் முதலும் வட்டியும் திரும்பும். கப்பல் மூழ்கினால் கடனும் அதோடு மூழ்கும். காப்பீட்டுக் கட்டணம் என்று தனியாக எதுவும் கிடையாது, அது வட்டிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். டெமாஸ்தனிஸின் வழக்குரை ஒன்றில் எஞ்சியிருக்கும் ஏதென்ஸ் ஒப்பந்தத்தில் வட்டி ஆயிரத்துக்கு 225. பருவம் தப்பித் திரும்பினால் 300. புயற்காலத்தின் விலை அந்த 75-இல் இருக்கிறது. கி.பி. 528-இல் ஜஸ்டினியன் இவ்வகை வட்டிக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு என்று வரம்பு வைத்தார்.

இந்த இலக்கணப்படி, 'முசிறியில்' என்று படித்தால், எகிப்திலிருந்து முசிறி வரை வெளியே போன காசுக்கு ஆபத்தை ஏற்றவர் யார் என்பதைப் பற்றி ஏடு பேசவே பேசாது. 'முசிறிப் பயணத்துக்கான' என்று படித்தால், போகும் காசும் திரும்பும் மிளகும் கடன் கொடுத்த ஒருவரின் ஆபத்திலேயே வருகின்றன. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூற்று 149-ஆம் பாட்டு சொல்வது இந்த இரட்டைப் பயணத்தைத்தான். ஏடு விரிவாகப் பேசுவது திரும்பும் வழியைப் பற்றி மட்டுமே என்பதையும், அது பெங்களூருக் காசுகளுக்கு ஏறக்குறைய நூறாண்டு பிந்தியது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என் வாதத்தின் மெலிந்த இடம் இது.

திரும்பும் வழியைப் பற்றி அது சொல்வது முக்கியம். சரக்கு எகிப்தின் பாலைவனத்தைக் காவலோடு கடக்க வேண்டும். கோப்டோஸில் சுங்கக் கிடங்குக்குள் போனதும் கடன் கொடுத்தவரின் அதிகாரத்திலும் முத்திரையிலும் இருக்க வேண்டும். நைல் வழியே அலெக்சாந்திரியா போய் அங்கும் கால்பங்குச் சுங்கக் கிடங்கில் அதே முத்திரை. ஆபத்தை ஏற்றவர் முத்திரையைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார். காவிரிப்பூம்பட்டினத்தில் இறங்கி ஏறும் பொதிகளுக்குச் சுங்கக்காரர் புலி முத்திரை வைத்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அது வரி கட்டியதன் அடையாளம், பொறுப்பேற்றதன் அடையாளம் இல்லை. இரண்டு முத்திரைகளையும் ஒன்றாக்கிப் பேசுவது கட்டுரைகளில் அடிக்கடி நடக்கிறது, கூடாது.

முசிறிக்கு அப்பால் கடன் கொடுத்த யவனரின் முத்திரை இல்லை. காசு உள்ளூர் வணிகரின் கைக்கு வந்த நொடியில் ஆபத்தும் அவருடையது. அவர் செய்யக்கூடியது இரண்டு: முத்திரையைக் காசிலேயே நம்புவது, சுமையைச் சிறு சிறு முடிச்சாகப் பிரிப்பது.

முதலாவதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. இந்தியப் புதையல்களில் அகஸ்டஸின் பேரர்கள் காயஸும் லூசியஸும் நிற்கும் வகையும், டைபீரியஸின் அமர்ந்த பெண்ணுருவ வகையும் மிதமிஞ்சிக் காணப்படுகின்றன. கி.பி. 64-இல் நீரோ வெள்ளிக் காசின் எடையைக் குறைத்தார். ஒரு ராத்தலுக்கு 84 என்றிருந்தது 96 ஆனது. அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசுகள் இங்கே அரிது. வெறும் உலோகமாக எடைபோட்டு வாங்குகிறவருக்கு யார் தலை இருந்தால் என்ன? பழகிய முகம் உள்ள காசைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வெவ்வேறு மன்னர் தலை இருந்தும் தெனாரியஸ்கள் ஒரே எடையில் இருப்பதைப் பார்த்து இலங்கை மன்னர் வியந்ததாகப் பிளினி எழுதுகிறார். கதை எவ்வளவு உண்மையோ, முகமும் எடையும் சேர்ந்தே நம்பிக்கை தந்தன என்ற செய்தி அதில் இருக்கிறது. வீலர் எடையை மட்டும் பார்த்தார்.

இரண்டாவதற்குக் கணக்குதான் சான்று. நீரோவுக்கு முந்தைய தெனாரியஸ் ஏறக்குறைய 3.9 கிராம். யஷ்வந்தபுரத்தின் 163 காசுகள் 640 கிராமைத் தாண்டாது. ஹெச்.ஏ.எல். புதையல் ஒரு கிலோவுக்குள். ஒருவர் மடியில் கட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் நடக்கக்கூடிய முடிச்சு. சாத்தின் முழுப் பணமும் இதுவாக இருக்க முடியாது. ஒரு கூட்டத்தில் பத்துப் பேர் மடியில் பத்து முடிச்சு போனால், கள்வர் கைக்கு ஒன்றிரண்டுதான் சிக்கும். காப்பீடு இல்லாத இடத்தில் பிரித்து அனுப்புவதே காப்பீடு.

இங்கே வீலருக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு என்றால் இரண்டு ராத்தலுக்கு 168, மூன்றுக்கு 252. நம்மிடம் இருப்பவை 163-ம் 256-ம். முழு ராத்தல் முடிச்சுகளாக எடைபோட்டுக் கட்டியவை என்று யாராவது வாதிட்டால் சட்டென்று தள்ளிவிட முடியாது. தேய்ந்த காசு எடை குறையும் என்பதால் 252-க்கு மேல் நாலு காசு கூடுவது பொருந்துகிறது, 168-க்கு ஐந்து குறைவது பொருந்தவில்லை. பானையைக் கண்டெடுத்தவர் கையோடு ஐந்து காசு போயிருக்கலாம். அப்படி நினைத்தால் எந்த எண்ணையும் எந்த எண்ணாகவும் ஆக்கிவிடலாம் என்பதால் இதை இங்கேயே நிறுத்துகிறேன்.

பிரித்து அனுப்பும் பழக்கத்துக்கு மிகப் பிந்தைய ஒப்புமை ஒன்று இந்திய அஞ்சலில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரூபாய் நோட்டை நடுவே வெட்டி, ஒரு பாதியை முதல் தபாலிலும், அது சேர்ந்த செய்தி வந்தபின் மறுபாதியை அடுத்த தபாலிலும் அனுப்பினார்கள். நோட்டில் எண் இரண்டு இடத்தில் அச்சிட்டிருந்தது இதற்கு வசதியாக இருந்தது. ஒட்டுப்போட்ட அந்த நோட்டுகள் இன்று சேகரிப்பாளர்களிடம் நல்ல விலை போகின்றன. காசை வெட்ட முடியாது. அதற்கு அஞ்சல் காப்பீடு வேண்டியிருந்தது. 1880-இல் மணியார்டர் வந்தபின் பணம் அனுப்பக் காசையே அனுப்ப வேண்டிய தேவை குறைந்தது.

1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் ஆபத்தைப் பங்கிட்ட விதம் கவனிக்கத்தக்கது. ஆறாம் பிரிவு, தொலைந்தாலும் சேதமானாலும் அரசு பொறுப்பில்லை என்று பொதுவாகக் கைகழுவியது. 31-ஆம் பிரிவு, எவற்றைக் காப்பீடு செய்தே அனுப்ப வேண்டும் என்று விதிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 33-ஆம் பிரிவு, காப்பீட்டுத் தொகை வரை ஈடு தருவதாகச் சொல்லிவிட்டு, தொலைந்த பொருளின் மதிப்பை எக்காரணம் கொண்டும் தாண்டாது என்று ஒரு வாலைச் சேர்த்தது. பழங்காசு விற்பவருக்குச் சிக்கல் அந்த வாலில் இருக்கிறது. ஒரு தெனாரியஸின் மதிப்பு அதன் வெள்ளியா, ஏலத்தில் போன விலையா? சட்டம் எழுதியவர்களின் கண்ணில் இருந்தது பணமாகப் போகும் காசு. சேகரிப்புப் பொருளாகப் போகும் காசு அன்று அவர்கள் நினைவில் இருந்ததற்குச் சட்ட வாசகத்தில் தடம் தெரியவில்லை. 18 ஜூன் 2024 முதல் நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் பழையதை நீக்கிவிட்டு, விதிகளில் வரையறுக்கும் அளவுக்குத்தான் பொறுப்பு என்று சுருக்கிக்கொண்டது.

ஒன்று மட்டும் மாறாமல் வந்தது: முத்திரை. பழைய காப்பீட்டு உறை கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். மடிப்புகள் கூடும் ஒவ்வோர் இடத்திலும் அரக்கு உருக்கி ஊற்றி, அனுப்பியவரின் சொந்த அடையாளம் பதித்திருக்கும். பொத்தானையோ புழங்கும் காசையோ வைத்து அழுத்தினால் ஏற்கமாட்டார்கள், யாரும் எளிதில் போலி செய்ய முடியாத குறி வேண்டியிருந்தது. கோப்டோஸில் கடன் கொடுத்தவருடையதாக இருந்த முத்திரை, இங்கே அனுப்புகிறவருடையதாகிவிட்டது. ஆபத்தை ஏற்றதோ அஞ்சலகம். அப்படியிருக்க, முத்திரை ஏன் மறுகைக்குப் போனது என்பதற்கு விடை 1877-78 வாக்கில் காப்பீடு தொடங்கியபோது போட்ட விதிகளில்தான் இருக்க வேண்டும். ஆய்வு அங்கே போக வேண்டும்.

பெங்களூருவில் இன்று ஒரு தெனாரியஸ் விற்பனைக்கு வந்தால் அதை உள்நாட்டுக்குள்தான் அனுப்பலாம். நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. யஷ்வந்தபுரத்தின் 163-ஐயும் வகைவாரியாக, தேய்மானத்தோடு, ஒவ்வொன்றாக நிறுத்து அச்சிட்டால், மேலே நான் பாதியில் நிறுத்திய ராத்தல் கணக்கு நிற்குமா விழுமா என்பது தெரிந்துவிடும்.