சாகச விளையாட்டுகளில் உரையாடலின் அளவு

கணினிச் சாகச விளையாட்டில் உரையாடல் எவ்வளவு வேண்டும் என்ற வினாவுக்கு வரலாறு ஒற்றை விடை தருவதில்லை. 1990-இல் வெளிவந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் வாட்போரை வெல்ல, எதிரியின் வசைக்குப் பொருத்தமான மறுமொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1993-இல் வந்த ‘மிஸ்ட்’ இதற்கு நேர்மாறானது. ஆளரவமற்ற தீவில் ஆட்டக்காரர் எவருடனும் உரையாடுவதில்லை. ஏடுகளும் பொறிகளுமே கதையை உணர்த்துகின்றன. அது 60 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

இவ்விற்பனையைக் கொண்டு, ஆட்டக்காரர் உரையாடலை விரும்பவில்லை என முடிவுகட்டலாகாது. 2019-இல் வந்த ‘டிஸ்கோ எலிசியம்’ ஏறத்தாழப் பத்து இலட்சம் சொற்களால் ஆனது. அதுவும் பெரிதும் போற்றப்பட்டது. ஆகவே ஆய்வாளர் கேட்கவேண்டியது சொற்களின் எண்ணிக்கையை அன்று. ஆட்டத்தில் அச்சொற்கள் ஆற்றும் பணியையே.