பிட்டி தியாகராயரின் ஓரணாக் கணக்கு

தியாகராய நகருக்குத் தன் பெயரைத் தந்த தியாகராயர் அங்கே குடியிருந்தவர் அல்லர். அவர் அசல் வடசென்னைக்காரர். 1852இல் கொருக்குப்பேட்டையில், தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பத்தில் பிறந்தார். குடும்பத்துக்கு நெசவு, தோல், உப்பு என்று பல தொழில்கள். 1876இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அன்றைக்கு அந்தப் பட்டம் இருந்தால் சர்க்கார் உத்தியோகத்துக்கும் கோர்ட்டுக்கும் கதவு திறக்கும். படித்த பிள்ளைகள் பலரும் அந்தப் பக்கம்தான் போனார்கள். தியாகராயர் வியாபாரத்துக்கே திரும்பினார்.

அவருடைய தறிக்கூடத்தில் ஏறக்குறைய நூறு தறிகள் ஓடின. பழைய தறியில் நெசவாளர் ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். துணியின் அகலம் கை எட்டுகிற அளவுக்குள் அடங்கிவிடும். கயிற்றைச் சுண்டினால் நாடா தானே குறுக்கே பாய்கிற புதுத் தறியைச் சென்னையில் பழக்கத்துக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் தியாகராயர் முக்கியமானவர். மான்செஸ்டர் துணி வந்து குவிந்த காலம் அது. கைத்தறி பிழைக்க வேண்டுமானால் வேகமும் கூட வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்பது அவருக்குத் தொழிலே கற்றுக்கொடுத்த பாடம். 1909இல் தென்னிந்திய வர்த்தக சபை தோன்றியபோதும் முன்னின்றவர் அவரே. அதன் தலைவராக நீண்ட காலம் இருந்தார்.

இத்தனைக்கும் நடுவில், 1882இலேயே நகரசபைக்குள் நுழைந்துவிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கேதான் அவருடைய பொதுவாழ்வு. இதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை. நீதிக்கட்சியை நிறுவியவர் என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுகிறோம். கட்சி அவருடைய கடைசி எட்டொன்பது ஆண்டுக் கதை. அதற்கு முன் முப்பது ஆண்டுகளுக்கு மேல், சாக்கடை, குடிநீர், விளக்கு, வரி என்று புகழ் தராத விவகாரங்களில் உட்கார்ந்து பேசியவர் அவர். தலைமை நாற்காலியில் ஆங்கில அதிகாரி இருப்பார். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம், எதிர்க்கலாம், கடைசி வார்த்தை அதிகாரியுடையது. அப்படிப்பட்ட சபையில் நாற்பது ஆண்டு தாக்குப்பிடிக்கப் பொறுமை மட்டும் போதாது, ஊர்மேல் பிடிப்பு வேண்டும்.

நீதிக்கட்சியை அவரோடு சேர்ந்து நிறுவிய டாக்டர் டி.எம். நாயரும் அவரும் முன்பு நகரசபையில் கடுமையாக மோதிக்கொண்டவர்கள். இருவரையும் சேர்த்துவைத்தவர் டாக்டர் சி. நடேசனார். 1916 நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எத்திராஜுலு முதலியார் வீட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். அங்கே எடுத்த முதல் வேலை, பத்திரிகை நடத்த ஒரு கூட்டுப் பங்குக் கம்பெனி தொடங்குவது. பங்கு ஒன்று நூறு ரூபாய், மொத்தம் 640 பங்குகள். ஆங்கிலத்தில் ‘ஜஸ்டிஸ்’, தமிழில் ‘திராவிடன்’, தெலுங்கில் ‘ஆந்திர பிரகாசிகா’ என்று மூன்று ஏடுகள் நடந்தன. ‘ஜஸ்டிஸ்’ 1917 பிப்ரவரி 26இல் வந்தது. அதன் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. இயக்கத்தைப் பேச்சிலிருந்து தொடங்காமல் முதல் போட்டுத் தொடங்கியதில் வியாபாரியின் கை தெரிகிறது. 1916 டிசம்பரில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கையும் அப்படித்தான்: சர்க்கார் உத்தியோகத்தில் யார் எத்தனை பேர் என்று எண்களை அடுக்கித் தன் வழக்கை வைத்தது.

1919ஆம் ஆண்டுச் சட்டம் நகரசபைத் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அப்படித் தேர்வான முதல் தலைவர் தியாகராயர். 1920 கடைசியில் மாகாணத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வெலிங்டன் பிரபு முதலமைச்சராகும்படி அழைத்தார். தியாகராயர் மறுத்தார். ஏ. சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். மாகாணத்தையே ஆளும் வாய்ப்பை விட்டுவிட்டு, நகரசபை இயங்கிய ரிப்பன் மாளிகையிலேயே இருந்துவிட்டார் இந்த மனிதர்.

அங்கே அவர் செய்த வேலைகளில் ஒன்று இன்றும் லட்சக்கணக்கான வயிறுகளைத் தொட்டு நிற்கிறது. 1920 செப்டம்பர் 16 அன்று நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பரம ஏழைகள், அதனால் பள்ளியில் சேர்வோர் எண்ணிக்கை அடிபடுகிறது என்று தலைவர் எடுத்துச் சொன்னார். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கலாம் என்று சபை ஒப்பியது. பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23இல் 811 பிள்ளைகள் இருந்தார்கள். 1924-25இல் 1,671 பேர். இரண்டே ஆண்டில் இரு மடங்கு.

கட்டடத்துக்கு வாடகை, வாத்தியாருக்குச் சம்பளம் எல்லாம் கொடுத்துவிட்டுப் பெஞ்சு காலியாகக் கிடந்தால் போட்ட பணம் அத்தனையும் நஷ்டம். ஓரணா சேர்த்தால் மொத்தமும் பலன் தரும். அந்தத் தீர்மானத்தில் கருணையோடு இந்தக் கணக்கும் இருப்பதாகவே படுகிறது. அரசாங்கத்துக்கோ வேறு கணக்கு. ஆரம்பக் கல்வி நிதியைச் சாப்பாட்டுக்குச் செலவிடக் கூடாது என்று சொல்லி, 1925 ஏப்ரல் முதல் தேதியோடு திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தியாகராயர் மறைந்ததும் அதே ஆண்டுதான். இரண்டு ஆண்டு கழித்து 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்று மாநகராட்சி மறுபடி தொடங்கியது.

குறையையும் சொல்லியாக வேண்டும். 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நகரத்தைக் குலுக்கின. அப்போது நீதிக்கட்சித் தலைவர்கள் நடந்துகொண்ட விதம் ஆதிதிராவிடர்களைப் புண்படுத்தியது. ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா 1923இல் கட்சியைவிட்டு வெளியேறினார். ஏழைப் பிள்ளையின் பசியைப் பார்க்கத் தெரிந்த தலைமை, புளியந்தோப்புச் சேரியின் துயரைப் பார்க்கத் தவறியது. தியாகராயரின் பொதுவாழ்வில் இது பெரிய குறை.

மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து எழுந்த புதுக் குடியிருப்புக்கு அவர் பெயர் வந்தது. ரிப்பன் மாளிகை வளாகத்தில் சிலையும் இருக்கிறது. பள்ளிச் சாப்பாட்டை 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. இந்த வரிசையின் தொடக்கத்தில் இருப்பது அந்த நகரசபைத் தீர்மானம். அதைத் தமிழில் அச்சிட்டு, மாநகராட்சிப் பள்ளி ஒவ்வொன்றின் சாப்பாட்டுக் கூடத்திலும் மாட்டிவைக்கும் வேலையைச் சென்னை மாநகராட்சி இனியாவது செய்ய வேண்டும்.