வடமராட்சியின் நடைவழிகள்

ஒரு நாட்டின் வரலாறு அரசர் மாளிகைகளிலும் போர்க்களங்களிலும் மாத்திரம் அடங்குவதன்று. மக்கள் நாடோறும் நடந்த வழிகளிலும் அது பதிந்துள்ளது. வடக்கே கடலும் தென்மேற்கே தொண்டைமானாற்றுக் கடனீரேரியும் சூழ்ந்த வடமராட்சியை, கரவெட்டியிலிருந்து நோக்குவார்க்கு இவ்வுண்மை இனிது விளங்கும்.

கரவெட்டிக்கு அயலதாகிய நெல்லியடி, யாழ்ப்பாணத்தையும் பருத்தித்துறையையும் இணைக்கும் பெருந்தெருவில் உள்ளது. 1905 இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை முற்றுப்பெற்ற புகையிரதப் பாதை வடமராட்சியைத் தொடவில்லை. ஆதலின் சந்தைக்கும் துறைக்கும் கோயிலுக்கும் செல்வோர்க்குத் தெருக்களும், வேலிகளுக்கிடையே செல்லும் ஒழுங்கைகளும், வயல் வரம்புகளுமே வழியாயின. மரநிழலற்ற வல்லைவெளியைக் கடத்தல் அக்காலத்தில் அரிய செயலாகவே கருதப்பட்டது.

இவ்வாறு நடந்தோரின் இளைப்பை ஆற்றுதல் அறமெனக் கொள்ளப்பட்டது. தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கவும் ஏற்றவும் சுமைதாங்கி, மாடுகள் நீரருந்தக் கேணி, அவை உடலை உரைஞ்ச ஆவுரஞ்சிக்கல், கோடையில் தண்ணீர்ப்பந்தல், இரவில் தங்க மடம் என்பன வழிதோறும் அமைந்தன. பருத்தித்துறைத் தெருமூடிமடம் இவற்றுட் குறிப்பிடத்தக்கது. தெரு நடுவே ஊடறுத்துச் செல்ல, இருமருங்கும் கற்றூண்களோடு கூடிய திண்ணைகள் விளங்க, மேலே கூரை தெருவையே மூடி நிற்கின்றது.

சமய யாத்திரையும் இவ்வழிகளை வளர்த்தது. வல்லிபுர ஆழ்வார் கோயிலின் புரட்டாதிக் கடற்றீர்த்தத்திற்கு அடியார் மணல்வெளியைக் கடந்து செல்வர். 1936 இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனம் வசப மன்னன் காலத்தது. நாகதீவின் பெயரைக் கூறுவது. அம்மணற்பரப்பில் மனிதர் நடமாட்டம் எத்துணைப் பழமையானது என்பதற்கு அது சான்றாகும். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார், கீழ்க்கரை வழியாக ஒரு மாதத்திற்கு மேல் நடந்து கதிர்காமத்தை அடைவர். 1983 இன் பின் போரினால் வடபகுதியில் தடைப்பட்ட இப்பாதயாத்திரை, 2009 இல் போர் முடிந்தபின் மீண்டும் நடைபெறலாயிற்று.

1990 முதல் எரிபொருள் தடைப்பட்டபோது குடாநாட்டின் வாழ்வைத் தாங்கியது துவிச்சக்கர வண்டியே. விறகும் நெல்லும் நோயாளரும் அதன்மீதே சென்றனர். பெருந்தெருக்கள் அச்சந்தருவனவாயிருந்த நாள்களில், முன்னோர் நடந்த ஒழுங்கைகளே மக்களுக்கு மீண்டும் துணையாயின.

இன்று மோட்டார் வாகனங்களின் பொருட்டுத் தெருக்கள் அகலிக்கப்படுகின்றன. அது வேண்டுவதே. ஆயின் தெருவோரத்துச் சுமைதாங்கி வெறுங்கல் அன்று. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுதல் நம் நாட்டு வழக்கு. இறக்க முடியாத சுமையோடு மறைந்தவளை எண்ணி, பிறர் சுமையை இறக்க உற்றார் இட்ட கல் அது. அப்பெண்களுட் பலருக்கு வேறு நினைவுச்சின்னமோ எழுதப்பட்ட வரலாறோ இல்லை. கல் பெயர்க்கப்படும் நாளில் அவர்தம் நினைவும் பெயர்க்கப்படும்.

ஆதலின் கல்லூரி மாணவர் விடுமுறை நாள்களில் நடந்தும் துவிச்சக்கர வண்டியிற் சென்றும், கரவெட்டி முதலாய ஊர்களின் சுமைதாங்கிகளையும் கேணிகளையும் மடங்களையும் படத்திற் குறித்து, முதியோர் கூறுவனவற்றை எழுதிவைத்தல் வேண்டும். தெரு அகலிக்கப்படும் இடத்துக் கல்லைச் சில அடி தள்ளி நாட்டுதல் பெருஞ்செலவன்று. அது அங்கிருந்ததென்பதை அறிந்தோர் இருத்தலே வேண்டுவது.