பிள்ளைச் செலவு

கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடு. ஆட்டை வாங்கிக்கொண்டவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் இதையெல்லாம் கல்லில் வெட்டிவைத்தார். அவர் மகன் ராஜேந்திரன் தலைநகரை எங்கள் ஊரான கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கொண்டுவந்தார். இப்போது அவர் பிறந்த ஆடித் திருவாதிரையை அரசு விழாவாகவே கொண்டாடுகிறோம். நெய்க்கு உழக்குக் கணக்கு உண்டு. ராஜேந்திரனைப் பெற்ற வானவன் மாதேவிக்குப் பேறுகாலம் பார்த்தவள் யார், அவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. கைக்குழந்தையும் செலவு நோட்டுமாக இருக்கிறவள் நான். எனக்கு இது உறுத்துகிறது.

ஓரளவு பக்கத்தில் வருவது, ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு. காஞ்சிபுரத்துப் பக்கம், பாலாற்றங்கரைப் பெருமாள் கோயிலை ஒட்டி 15 படுக்கையோடு ஆதுலர்சாலை என்ற மருத்துவமனை நடந்திருக்கிறது. வைத்தியர், அறுவை செய்கிறவர், மூலிகையும் விறகும் கொண்டுவருபவர்கள், மருந்து காய்ச்சி நோயாளியைக் கவனிக்கும் பெண்கள், ஒரு நாவிதர் என்று எல்லாருக்கும் நெல், சிலருக்குக் காசும் சேர்த்துச் சம்பளம் எழுதியிருக்கிறது. கோயில் ஊழியரும் அங்கே படித்த மாணவரும் படுக்க வைத்த இடம் அது. குடியானவன் வீட்டுப் பெண் பிள்ளை பெறப் போன இடம் இல்லை.

அவளுக்கு மருத்துவச்சிதான். பெரும்பாலும் நாவிதர் வீட்டுப் பெண். எங்கள் ஆயா தன் பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டிலேயே பெற்றவள். மருத்துவச்சிக்குப் படியளந்த நெல், ஒரு பழைய சேலை, வெற்றிலை பாக்கு; ஆண் பிள்ளை என்றால் கூடக் கொஞ்சம். "காசுன்னு கையில குடுத்ததே இல்லடி" என்பாள் ஆயா. அந்த நெல்லும் அவள் பிறந்த வீட்டு நெல். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டால், தலைப்பிரசவச் செலவு பெண்ணைப் பெற்றவர்களுக்கு. பத்தியச் சோற்றிலிருந்து பிரசவ லேகியம் வரை அவர்கள் பாடு. அப்புறம் தாய்மாமன் முறை: அரைஞாண், காப்பு, தொட்டில். சீர் என்று மரியாதையாகச் சொன்னாலும் கடன் கடன்தான். என் அண்ணனைக் கேட்டால் தெரியும்.

புகுந்த வீட்டுக்கு அதிகம் செலவு வைக்காதது தூளி. விட்டத்தில் ஒரு கயிறு, அதில் ஒரு சேலை, உள்ளே பிள்ளை விரிந்து கிடக்க நடுவில் ஒரு கட்டை. ஆனால் எந்தச் சேலையும் ஆகாது. நூல் சேலை, அதுவும் பல தடவை துவைத்து மிருதுவானது வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இருந்ததில்லை; ஜெயங்கொண்டம், வாரியங்காவல், உடையார்பாளையம் எல்லாம் தறிச் சத்தம் கேட்ட ஊர்கள். கிழிந்த சேலை தூளியாகும், தூளி கிழிந்தால் கோவணத் துணியாகும், அதுவும் நைந்தால் அடுப்பில் சட்டி இறக்கும் பிடிதுணி. இன்று வீட்டில் தேடினால் இருப்பதெல்லாம் பாலியஸ்டர். வழுக்குகிறது, ஈரத்தை இழுக்கமாட்டேன் என்கிறது. என் பிள்ளைக்கு ஆயாவின் பெட்டியிலிருந்துதான் நூல் சேலை எடுத்தோம்.

தூளி வீட்டோடு நின்றதும் இல்லை. களையெடுக்கப் போனால் வரப்போரத்து வேப்பமரத்தில் தொங்கும். முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனால் முந்திரிக் கிளையில். ஆட்டிவிட ஐந்து வயதோ ஆறு வயதோ ஆன அக்காக்காரி ஒருத்தி. பால் கொடுக்கப் போய்வரும் நேரத்தை மேஸ்திரி முணுமுணுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பார் என்பாள் அம்மா. அந்த அக்காக்காரிகள் பள்ளிக்கூடம் போகாமல் நின்றார்களே, பிள்ளை வளர்த்த செலவில் அதையும் சேர்க்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம்தான் இதைக் கண்ணில் கண்டது. வேலையிடத்தில் ஆறு வயதுக்குள் ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவளுக்கும் கூலி கொடுக்கவேண்டும் என்றது. பிள்ளை பார்ப்பதும் கூலி வேலைதான் என்று எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு சட்டம் சொன்னதாக நான் கேள்விப்பட்டது அது ஒன்றைத்தான்.

அதற்கு முன்பே அரசு வேறு வழியாக உள்ளே வந்திருந்தது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், 1980இல் உலக வங்கிக் கடனோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டம் எல்லாம் சேர்ந்து ஊருக்கு ஓர் அங்கன்வாடி, கையில் ஒரு பொட்டலம் சத்துமாவு என்று ஆனது. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1980களின் கடைசியில் சில நூறு ரூபாயாக ஆரம்பித்தது. கர்ப்ப காலத்தில் வேலைக்குப் போகாமல் இழக்கும் கூலிக்கு ஈடு என்பதுதான் அதன் நியாயம். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய்க்குப் பெட்டகம்: நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், சத்துமாவு. மீதி 14,000 தவணை தவணையாக வங்கிக் கணக்கில் ஏறும். சும்மா ஏறாது. மூன்று மாதத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிந்து பிக்மி என்ற பதிவு நம்பர் வாங்க வேண்டும், பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில், ஊசி எல்லாம் தேதிப்படி. பணத்தைக் காட்டிப் பெண்களை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தார்கள் என்று இளக்காரமாகச் சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ஆயாவுக்குப் பிறந்து தங்காத பிள்ளைகளும் உண்டு.

2015இல் குழந்தைக்குத் தனிப் பெட்டகமும் வந்தது. சட்டை, துண்டு, கொசுவலை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை என்று 16 பொருள். தாய்க்கு சௌபாக்கிய சுண்டி லேகியம்கூட. உரலில் இடித்த லேகியம் டப்பாவில் வந்ததைப் பார்த்து ஆயாவுக்கு ஆச்சரியம், கூடவே ருசி போதவில்லை என்ற குறையும். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுவதை மட்டும் நர்ஸம்மா கண்டிப்பாக நிறுத்திவிட்டார்: ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது. செலவு பார்க்கிறவளுக்கு இதைவிட நல்ல செய்தி ஏது! பால்பவுடர் டப்பாவுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992இலேயே சட்டம் இருக்கிறது. டயப்பருக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. ஒன்று சுமார் பத்து ரூபாய் ஆகிறது. ராத்திரிக்கு ஒன்று, பஸ்ஸில் போனால் ஒன்று என்று வைத்திருக்கிறேன். மற்ற நேரம் ஆயாவின் துணிதான்.

என் நோட்டில் பெரிய தொகை வாங்கிய பொருள் எதற்கும் இல்லை. வராத சம்பளம்தான் அது. தமிழ்நாட்டில் அரசு ஊழியராக இருந்தால் 2021 முதல் 12 மாதம் சம்பளத்தோடு விடுப்பு. பெரிய கம்பெனி என்றால் 2017 திருத்தத்திலிருந்து 26 வாரம். ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே சேலை மடித்துக் காட்டுகிற எனக்கு, வேலையை விட்டுப் போய்த் திரும்பக் கேட்டால் இடம் இருந்தால் இடம். 14,000 ரூபாய் என்பது என் இரண்டு மாதச் சம்பளம்கூட முழுதாக இல்லை.

வெயில் காலம் வந்தால் முந்திரி சீசன். அம்மா வருஷா வருஷம் கொட்டை பொறுக்கப் போவாள். நான் கடைக்குத் திரும்ப வேண்டுமென்றால் யாராவது ஒருத்தி தூளி ஆட்ட வேண்டும். அவள் கூலியையும் என் சம்பளத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். இந்த வருஷம் அம்மா காட்டுக்குப் போகவில்லை.