மிலேத்துத் துறையில் நின்ற கப்பல்

எருசலேம் தேவாலயத்தில் பவுல் பிடிபட்ட வரலாற்றை இந்த வாரம் சொல்வதாக வாக்களித்திருந்தேன்; ஆனால், துரோவாவிலிருந்து தெற்கே வந்த அவருடைய கப்பல், ஏறக்குறைய கி.பி. 57-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், எபேசு நகரத்தைத் தொடாமலே கடந்து மிலேத்துத் துறையில் வந்து நிற்கிற இந்தக் கட்டத்தை விட்டு மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று வருஷம் இரவும் பகலும் உபதேசித்து வளர்த்த சபை எபேசிலே இருக்க, அதற்குத் தெற்கே 30 மைலில் இறங்கி, மூப்பர்களை அங்கே வரும்படி ஆள் அனுப்புவானேன்? பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் எருசலேம் சேரவேண்டிய அவசரம் என்கிறார் இந்த வரலாற்றை எழுதிய லூக்கா. ஆள் போய் மூப்பர்கள் வந்து சேரச் சில நாட்களாவது ஆகியிருக்குமே. அவசரக்காரர் செய்கிற காரியமா இது? முன்பு எபேசில் பவுலுக்கு எதிராகக் கலகம் மூட்டிய தெமேத்திரியு என்ற வெள்ளித் தட்டானை லூக்கா இவ்விடத்தில் பிரஸ்தாபிக்காதது அவருடைய நாசூக்கு என்றே எண்ணுகிறேன்.

உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்றாகிய, 127 தூண்கள் கொண்டதென்று பிளினி வர்ணிக்கிற அர்த்தெமி தேவியின் ஆலயத்தைச் சின்னஞ்சிறு வெள்ளிக் கோயில்களாகச் செய்து விற்ற பட்டறைகளுக்குத் தலைவன் அவன். கையால் செய்தவை தெய்வங்களல்ல என்ற பவுலின் பிரசங்கம் பரவியதும் தொழிலாளர்களைக் கூட்டினான். முதலில் வரும்படியைப் பற்றிப் பேசினான், பிறகே தேவியின் மகிமையைப் பற்றி. அந்த வரிசையைக் கவனியுங்கள்! பவுலின் துணைவர் இருவரை இழுத்துக்கொண்டு ஊரே அரங்கத்துக்குள் பாய்ந்தது; எதற்காகக் கூடினோம் என்றே பெரும்பாலோருக்குத் தெரியாமல் இரண்டு மணி நேரம் தேவியின் நாமத்தைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். உள்ளே போகத் துணிந்த பவுலைச் சீஷர்கள் தடுத்துவிட்டார்கள். வழக்கிருந்தால் நியாயஸ்தலம் இருக்கிறது, இந்தக் கலகத்துக்கு நாம் என்ன பதில் சொல்வது என்று நிதானமாகக் கேட்டுக் கூட்டத்தைக் கலைத்தவன் நகரத்துச் சம்பிரதி. எபேசுப் படலத்தில் என் மனத்துக்கு உகந்த வீரன், பெயர்கூடத் தெரியாத அந்த உத்தியோகஸ்தனே.

இந்த வெள்ளியை நினைவில் வைத்துக்கொண்டுதான் மூப்பர்களுக்குப் பவுல் செய்த மிலேத்துப் பிரசங்கத்தைப் படிக்க வேண்டும். ஒருவருடைய வெள்ளியையும் பொன்னையும் வஸ்திரத்தையும் தாம் இச்சித்ததில்லை என்று சொல்லி, கூடாரத் தொழிலால் தம்மையும் உடனிருந்தவர்களையும் போஷித்த தம் கைகளையே அவர் சாட்சிக்கு அழைத்தார். பெறுவதைவிடக் கொடுப்பதைச் சிறப்பிக்கும் இயேசுவின் வாக்கொன்றையும், நான்கு சுவிசேஷங்களிலும் காணக் கிடைக்காத அதை, அங்கே நினைவூட்டினார். மந்தையைக் கெடுப்பவர்கள் வெளியிலிருந்து மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நடுவிலிருந்தே எழும்புவார்கள் என்று முகத்துக்கு நேரே எச்சரித்தார். அதற்கெல்லாம் கலங்காத மூப்பர்கள், இனித் தம் முகத்தைக் காணமாட்டீர்கள் என்ற ஒரு வார்த்தைக்கே கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

எபேசுக்குள் காலடி வைக்காமல் தப்பிய பவுலை எபேசு விடவில்லை. அவ்வூரானாகிய துரோப்பீமு அவரோடு எருசலேமுக்குப் போகிறான். அவனைத் தேவாலயத்துக்குள் அழைத்துவந்தார் என்ற வீண் சந்தேகத்தினால் மூண்ட கலகத்தையும், புறஜாதியார் பிரவேசித்தால் மரணமே என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல் 1871-இல் அகப்பட்டதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.