தறி நின்றதும் டிஸ்க் மஞ்சளானதும்

போன ஐப்பசியில் நல்ல இடிமழை. ஒரே சாயங்காலத்தில் மூன்று தடவை கரன்ட் போய் வந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் அது மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் என் பழைய டெஸ்க்டாப் பொட்டென்று அணைந்து, மறுபடி எழும். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால், ஹார்ட் டிஸ்க்கைக் கண்காணிக்கும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற ஜப்பான்காரர் எழுதிய இலவச மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டியது. பக்கத்தில் ‘ஜாக்கிரதை’ என்ற எச்சரிக்கை.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் பதைப்பு உங்களுக்குப் புரியும். அப்பாவின் மில் சர்வீஸ் புத்தகம், எங்கள் கல்யாண ஆல்பம், எல்லாவற்றுக்கும் மேலே வீட்டுக்காரி பேரனைத் தூங்க வைக்கப் பாடியதை கேசட்டிலிருந்து மாற்றிய பதிவு. அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. கேசட் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது.

காந்திபுரத்தில் ஒரு கடைக்கு போன் போட்டேன். “டிஸ்க் போயிருச்சுங்க சார். மஞ்சள் வந்தாவே அவ்வளவுதானுங்க. புதுசு மாத்திக்கலாங்க” என்றான் தம்பி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல்.

இந்த இடத்தில் நான் வேலை பார்த்த மில்லுக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

1888-இல் ஸ்டேன்ஸ் துரை முதல் மில்லை ஆரம்பித்ததும், 1930களில் பைகாரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகியதும் கோயமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நூற்பு மில்தான் இங்கே அதிகம். நான் சேர்ந்த மில்லில் நெசவுப் பகுதியும் இருந்தது. முதல் சில வருஷம் அங்கேதான். கம்ப்யூட்டர் அறைக்குப் போனது பிறகு. ஒவ்வொரு பாவு நூலிலும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று தொங்கும். டிராப் வயர் என்போம். நூல் அறுந்தால் தகடு விழுந்து கீழே உள்ள மின்கம்பியைத் தொடும், தறி நிற்கும். 1890களில் அமெரிக்காவின் நார்த்ராப் தறியில் இந்த வகை ஏற்பாடு வந்துவிட்டது. நூல் அறுந்தால் தானே நிற்கும் தறியை ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-இல் முழுமையாக்கி, 1929-இல் அதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் கம்பெனிக்கு விற்றார். பிளாட் பெயர் பொறித்த மிஷின்களை என் வயதுக்காரர்கள் பலர் பார்த்திருப்பீர்கள்.

சிக்கல் என்னவென்றால், நூல் அறாமலே தறி நிற்கும். பாவு கொஞ்சம் தொய்ந்தால் போதும், தகடு இறங்கித் தொட்டுவிடும். அதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். பஞ்சுத் தூசி படிந்து தகட்டைப் பிடித்துக்கொண்டால், நூல் அறுந்தும் தறி ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் கணக்கில் துணி பாழாகும்.

ஒரு ஷிப்டில் எங்கள் நெசவாளி ஒருவர், பொய்யாக நின்று நின்று உற்பத்தி குறைகிறதே என்று, அந்த மின் இணைப்பில் ஒரு தீப்பெட்டி அட்டையைச் செருகிவிட்டார். தறி அதன்பின் நிற்கவே இல்லை! “ஏனுங்க மேஸ்திரி, அது சும்மா சும்மா நிக்குதுங்க, நான் என்னத்தைப் பண்றது?” என்று அவர் கேட்டதற்கு மேஸ்திரியிடம் பதில் இல்லை. துணிக்கு மட்டும் அபராதம் போட்டார்கள். அபராதம் தறியைச் சரியாக வைக்காதவர்களுக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்பது இன்றும் என் கட்சி.

ஹார்ட் டிஸ்க்குக்கும் டிராப் வயர் மாதிரி ஒன்று வந்த கதை 1992-இல் தொடங்குகிறது. ஐபிஎம் தன் ஏஎஸ்/400 கம்ப்யூட்டர்களின் டிஸ்க்குகளில், பழுதை முன்கூட்டியே சொல்லும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அடுத்து காம்பாக் கம்பெனி, சீகேட், குவாண்டம், கானர் ஆகிய டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து இன்டெலிசேஃப் என்று ஒன்று செய்து, 1995-இல் அதைப் பொதுத் தரமாக்க முன்வைத்தது. அதுதான் ‘ஸ்மார்ட்’. டிஸ்க் தன் உடம்பைத் தானே கவனித்துக் கணக்கு வைக்கும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் கெட்டு மாற்றிடம் கொடுத்தது, எத்தனை இடம் சந்தேகத்தில் இருக்கிறது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லைக்கோடு உண்டு. தாண்டினால்தான் எச்சரிக்கை.

அந்தக் கோட்டைப் போடுவது யார்? தயாரிப்பாளரே. பொய் எச்சரிக்கை வந்தால் நல்ல டிஸ்க்கையும் வாரன்டியில் திருப்பி அனுப்புவார்கள், நஷ்டம் அவருக்கு. ஆகவே கோட்டை வெகு தூரத்தில் போட்டார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் பொய் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று பார்த்ததில், உண்மையில் கெடப்போகிற டிஸ்க்குகளில் 3 முதல் 10 சதவீதத்தைத்தான் பிடிக்க முடிந்தது என்று 2002-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை சொல்கிறது.

அதை நான் அனுபவித்தும் இருக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் மில்லில் சம்பளக் கணக்கு இருந்த டிஸ்க், ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. ஏழாம் தேதி சம்பளம். மூன்று ராத்திரி உட்கார்ந்து, மஸ்டர் ரோலைப் பார்த்துப் பார்த்து மறுபடி ஏற்றினோம்.

கம்பெனியின் கோடு போதாது என்றுதான் வெளியார் மென்பொருள்கள் தாங்களே கணக்கைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தன. அவற்றில் பெயர்பெற்ற ஸ்மார்ட்மான்டூல்ஸ் 2002-இல் வந்தது. அதைத் தொடங்கிய புரூஸ் ஆலன் ஈர்ப்பு அலைகளை ஆராயும் இயற்பியலாளர்! ஆராய்ச்சிக்காகச் சேர்த்து வைத்த ஏராளமான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் கெடும் தொல்லை தாங்காமல் எழுதியது. இந்த மாதிரி மென்பொருள்களில் தறி பொய்யாக நிற்பதும் சேர்ந்தே வந்தது. கேபிள் லூசாக இருந்தால் ஏறும் எண் ஒன்று உண்டு, சி7 என்று காட்டும். கேபிளை மாற்றினாலும் பழைய எண் இறங்காது. மேலே ஏறாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சில டிஸ்க்குகளில் படிக்கும் பிழை என்ற இடத்தில் கோடிக் கணக்கில் எண் நிற்கும். அதில் பிழையோடு மொத்தம் படித்த எண்ணிக்கையும் கலந்திருக்கிறது, பயப்பட வேண்டாம்.

என் டிஸ்க்கில் மஞ்சளானது சி5. சந்தேகத்தில் உள்ள இடங்கள், 8. கெட்டு மாற்றப்பட்ட இடங்கள், அதாவது 05, பூஜ்யம். டிஸ்க்கின் சொந்தத் தீர்ப்பைப் பார்த்தால் ‘நலம்’ என்கிறது. மஞ்சள் அந்த மென்பொருளின் அபிப்பிராயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால், அந்த இடம் அரைகுறையாக நின்று, படிக்க முடியாமல் சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். இன்றைய டிஸ்க்குகளில் அப்படி ஓரிடம் கெட்டாலே 8 என்று காட்டுவது வழக்கம். முந்தின நாள் மூன்று தடவை கரன்ட் போனது நினைவுக்கு வந்தது.

ஆனாலும் தீப்பெட்டி அட்டையைச் செருக எனக்கு மனம் வரவில்லை. 2007-இல் கூகுள் ஆட்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதியதைப் படித்திருந்தேன். கெட்டுப்போனவற்றில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லையாம். அதே கட்டுரைதான் இன்னொன்றும் சொல்கிறது: சந்தேக இடம் முதன்முதலாகத் தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் கெடும் வாய்ப்பு மற்றவற்றைவிட 16 மடங்கு.

எனவே முதலில் பாட்டு. அந்த ஒரு கோப்பை பென்டிரைவில் எடுத்து, போட்டுக் கேட்டேன். முழுசாக இருந்தது. நடுவில் பேரன் இருமுவதுகூட. பிறகு ஆல்பம், சர்வீஸ் புத்தகம் எல்லாம் வேறு டிஸ்க்குக்கு. இரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு கோப்பு மட்டும் படிக்க வரவில்லை. அது போன வருஷத்துச் சொத்து வரி ரசீது, போகட்டும். அப்புறம்தான் அவசர ஃபார்மட் இல்லாமல் முழு ஃபார்மட் கொடுத்தேன். அது எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிக்கொண்டே போகும். அரைகுறையாக நின்ற இடத்தில் புதிதாக எழுத முடிந்தால் டிஸ்க் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். எழுத முடியாவிட்டால் மாற்றிடம் கொடுத்து 05-இல் ஏற்றும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் சி5 பூஜ்யம், 05-ம் பூஜ்யம். நிறம் நீலம்.

கடைத் தம்பியிடம் சொன்னேன். “அப்படீங்களா சார்?” என்றவன், எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான். அந்த டிஸ்க்கை இப்போது இரண்டாம் பிரதிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப்புக்குத் தனியாக ஒரு யுபிஎஸ்-ஸும் வாங்கியாயிற்று.

நேற்று ராத்திரி இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்தியது. இதுவும் பொய்யாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தேன். மருமகள் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மாமா, பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எத்தனை மாசமாச்சுங்க?” என்றாள்.