நோபல் வென்ற அலைன் ஆஸ்பெக்ட்: 'நிரந்தர வேலை இருக்கா?' என்று பெல் கேட்டது ஏன்?

1975-ல் ஜெனீவாவில் இயற்பியலாளர் ஜான் பெல்லைச் சந்தித்து, தன் ஆய்வுத் திட்டத்தைச் சொன்னார் பிரான்ஸ் இளைஞர் அலைன் ஆஸ்பெக்ட். பெல் முதலில் கேட்டது, நிரந்தர வேலை இருக்கா என்றுதான். குவாண்டம் கோட்பாட்டின் அடிப்படையையே சோதிக்கப் போனால் எதிர்காலம் போய்விடும் என்று கருதப்பட்ட காலம் அது. ஆஸ்பெக்டுக்கு வேலை இருந்தது. துணிந்து இறங்கினார்.

என்ன செய்தார்?

பாரிஸ் அருகே ஒர்சேயில், கால்சியம் அணுக்களை லேசரால் தூண்டி, ஜோடி ஜோடியாக ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, வெளியிடும் ஒளி மூலத்தை உருவாக்கினார். ஜோடியில் ஒன்றை அளந்தால் கிடைக்கும் முடிவு, தூரத்தில் உள்ள மற்றொன்றோடு ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. துகள்களுக்குள் ஏற்கெனவே ஏதோ தகவல் ஒளிந்திருக்க வேண்டும் என்பது ஐன்ஸ்டீன் தரப்பு.

1982-ல், ஃபோட்டான்கள் பாதி வழியில் இருக்கும்போதே அளக்கும் திசையை மாற்றிப் பார்த்தார். ஜெயித்தது குவாண்டம்!

1986-ல் பிலிப் கிராஞ்சியேவுடன் சேர்ந்து, அதே மூலத்திலிருந்து ஒரே ஒரு ஃபோட்டானைப் பிரித்தெடுத்துச் சோதித்தார். அது இரண்டாக உடையவில்லை.

இப்போது என்ன பயன்?

உளவு பார்க்க முடியாத தகவல் தொடர்புக்கும் குவாண்டம் கணினிக்கும் இப்படிப்பட்ட ஒளி மூலங்கள் தேவை. 2022-ல், 75 வயதில், கிளாசர், சைலிங்கர் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் ஆஸ்பெக்ட்.